அயோவாவின் சோளக் கணக்கும் ஆள் கணக்கும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவின் பயிர் விளைச்சல் புள்ளிவிவரங்களும் கவுண்டிவாரி மக்கள்தொகைப் புள்ளிவிவரங்களும் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. தரவு அறிவியல் படிக்கிற நம் பிள்ளைகள் பலர் பயிற்சிக்காக இவற்றை எடுக்கிறார்கள். ஆனால் பாதிப் பேர் விளைச்சல் அட்டவணையை மட்டும் பார்க்கிறார்கள், மீதிப் பேர் மக்கள்தொகையை மட்டும். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால்தான் அந்த மண்ணில் நடந்தது புரியும். அதற்கு அயோவாவைவிடப் பொருத்தமான மாநிலம் எனக்குத் தெரிந்து இல்லை. மக்காச்சோள உற்பத்தியில் பெரும்பாலான ஆண்டுகளில் நாட்டிலேயே முதலிடம் அதற்குத்தான். (இந்தப் பக்கத்தில் சோளம் என்று சொல்வதெல்லாம் மக்காச்சோளத்தைத்தான்.) என்னிடம் அடிக்கடி வருகிற கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன்.

கவுண்டி என்றால் நம் ஊர் மாவட்டம்தானே?

மாநிலத்துக்கு அடுத்த நிர்வாகப் பிரிவு என்ற அளவில் சரி. ஆனால் அளவில் ஒப்பிட முடியாது. அயோவாவின் மொத்த மக்கள்தொகை 2020 கணக்கெடுப்பின்படி 31,90,369. இது நம் பெரிய மாவட்டம் ஒன்றின் அளவு. அதற்குள் 99 கவுண்டிகள் இருக்கின்றன. தலைநகர் டெ மாய்ன் இருக்கும் போல்க் கவுண்டியில் 4,92,401 பேர். தென்மேற்கில் ஆடம்ஸ் கவுண்டியில் 3,704 பேர். நம் ஊரில் ஒரு ஊராட்சியிலேயே அதைவிட அதிகம் பேர் இருப்பார்கள். அந்த 3,704 பேருக்கும் தனி நீதிமன்றம், தனி ஷெரிஃப், தனிப் பதிவேடுகள் உண்டு. குதிரை வண்டியில் ஒரே நாளில் கவுண்டித் தலைமையிடத்துக்குப் போய்த் திரும்பும்படி எல்லைகளைப் போட்டார்கள் என்று சொல்வார்கள்.

லூசியானாவில் இதே பிரிவுக்குப் பெயர் 'பாரிஷ்', அலாஸ்காவில் 'பரோ'. வர்ஜீனியாவில் பல நகரங்கள் எந்தக் கவுண்டியிலும் சேராமல் தனியாக நிற்கும். நாடு முழுக்க இப்படிச் சுமார் 3,140 அலகுகள் இருக்கின்றன.

இந்தக் கணக்குகளை யார் எடுக்கிறார்கள்?

ஆட்களை எண்ணுவது மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அலுவலகம், அதாவது சென்சஸ் பீரோ. பயிர்களை எண்ணுவது வேளாண் துறையின் கீழ் இருக்கும் தேசிய வேளாண் புள்ளியியல் சேவை. ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து அதை 'நாஸ்' என்பார்கள், நானும் இங்கே அப்படியே எழுதுகிறேன்.

தொடக்கத்தில் இரண்டும் ஒரே வீட்டில்தான் இருந்தன. 1840இல் மக்களை எண்ணப் போனவர்களே பயிரையும் கால்நடையையும் கேட்டு எழுதினார்கள். அதுதான் முதல் வேளாண் கணக்கெடுப்பு. அயோவா அப்போது மாநிலம்கூட ஆகவில்லை; 43,112 பேர் வசித்த ஒரு பிரதேசம். வேளாண் கணக்கெடுப்பு சென்சஸ் பீரோவிடமிருந்து நாஸ் கைக்கு வந்தது 1997 கணக்கெடுப்பில்தான். பழைய தொகுதிகளைத் தேடுகிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

மாதாந்திரப் பயிர் அறிக்கையும் ஐந்தாண்டு வேளாண் கணக்கெடுப்பும் ஏன் ஒத்துப்போவதில்லை?

ஏனென்றால் அவை வேறு வேறு வேலைகள். வேளாண் கணக்கெடுப்பு 2இலும் 7இலும் முடியும் ஆண்டுகளுக்காக நடக்கிறது (2012, 2017, 2022). எல்லாப் பண்ணைகளையும் கேட்பதே நோக்கம். மாதாந்திர அறிக்கை மாதிரி ஆய்வு. விவசாயிகளில் ஒரு பகுதியினரைக் கேட்டு மொத்தத்தை மதிப்பிடுகிறார்கள். ஆகஸ்டிலிருந்து நவம்பர் வரை வரும் சோள எண்கள் முன்கணிப்புகள், ஜனவரியில் வருவதுதான் அந்த ஆண்டின் கணக்கு. அதுவும் பின்னால் திருத்தப்படலாம். ஆகவே உங்கள் அட்டவணையில் எந்த மாதத்து எண் இருக்கிறது என்று குறித்து வையுங்கள். ஆகஸ்ட் எண்ணை ஒரு வரிசையிலும் ஜனவரி எண்ணை இன்னொரு வரிசையிலும் போட்டு ஒப்பிட்ட கட்டுரைகளைப் பார்த்திருக்கிறேன். உழைப்பெல்லாம் வீண்.

வயலுக்கே போய் அளப்பார்களா?

போவார்கள். முக்கியப் பயிர்களுக்கு, முக்கிய மாநிலங்களில், பரிசோதகர்கள் தேர்ந்தெடுத்த வயலில் சிறு துண்டு நிலம் குறித்து, செடிகளை எண்ணி, கதிர்களை எண்ணி, கடைசியில் பறித்து எடை போடுவார்கள். நம் ஊரில் நடக்கும் பயிர் அறுவடைப் பரிசோதனைக்கு இது நெருங்கிய சொந்தம். ஜூனில் நில மாதிரி ஆய்வும் நடக்கும். சுமார் ஒரு சதுர மைல் கொண்ட துண்டுகளைத் தேர்ந்தெடுத்து, அதற்குள் இருக்கும் ஒவ்வொரு வயலிலும் என்ன பயிர் என்று எழுதுவார்கள். அயோவாவில் இதற்கு நிலமே ஒத்துழைக்கிறது. ஒரு மைலுக்கு ஒரு மைல் கட்டம், கட்டத்துக்கு 640 ஏக்கர், கட்டத்தின் ஓரங்களில் சாலை என்று 19ஆம் நூற்றாண்டிலேயே அளந்து வைத்துவிட்டார்கள்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லாமல் போக மனமில்லை. நில மாதிரி முறை வளர்ந்ததில் அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்துக்குப் பெரிய பங்கு உண்டு. 1924இல் ஹென்றி ஏ. வாலஸ் அந்தப் பல்கலைக்கழகம் இருக்கும் ஏம்ஸ் ஊருக்கு வந்து, கணக்கிடும் இயந்திரங்களையும் ஒட்டுறவுக் கணிப்பையும் (இரண்டு எண் வரிசைகள் எந்த அளவுக்குச் சேர்ந்து மாறுகின்றன என்ற கணக்கு) பேராசிரியர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். வேளாண் பத்திரிகை ஆசிரியரான அவர் பிறகு நாட்டின் வேளாண் அமைச்சராகவும் துணைக் குடியரசுத் தலைவராகவும் ஆனார். அவரோடு சேர்ந்து வேலை செய்த ஜார்ஜ் ஸ்னெடெக்கர் 1933இல் அங்கே புள்ளியியல் ஆய்வகத்தைத் தொடங்கினார். 1940களில் அமெரிக்க விவசாயத்துக்கான முதன்மை மாதிரி, அதாவது பல ஆய்வுகளுக்கும் பொதுவாகத் தேர்ந்தெடுத்த நிலத் துண்டுகளின் தொகுப்பு, உருவானதும் அங்கேதான். சோளம் விளைந்த ஊரிலேயே புள்ளியியலும் விளைந்தது.

அறிக்கை வெளியாகும் நாளில் அதிகாரிகளைப் பூட்டி வைப்பார்கள் என்பது உண்மையா?

உண்மை. எண்கள் கடைசி வடிவம் பெறும் அறையில் இருப்பவர்கள் வெளியே வர முடியாது, தொலைபேசி கிடையாது, சன்னல் திரைகள் மூடியிருக்கும். கிழக்கு நேரப்படி நண்பகல் 12 மணிக்கு எண்கள் உலகத்துக்கே ஒரே நேரத்தில் போகும்.

சன்னல் திரைக்குக் காரணம் இருக்கிறது. 1905இல் எட்வின் ஹோம்ஸ் என்ற வேளாண் துறைப் புள்ளியியலாளர், பருத்தி மதிப்பீட்டை முன்கூட்டியே வியாபாரிகளுக்குக் கசியவிட்டார். வெளியே காத்திருந்தவருக்கு அவர் சன்னல் திரையை ஏற்றியும் இறக்கியும் சைகை காட்டினார். அந்த ஊழலுக்குப் பிறகுதான் ஒருவரே எண்ணை முடிவு செய்யும் வழக்கம் போய், பயிர் அறிக்கை வாரியம் வந்தது. விவசாயிக்கும் பெரிய வியாபாரிக்கும் ஒரே நொடியில் ஒரே எண் கிடைக்க வேண்டும் என்பது அருமையான கொள்கை. நூறாண்டுக்கு மேலாக அதைக் கட்டிக்காக்கிறார்கள்.

புஷெல் என்றால் எத்தனை கிலோ?

பயிருக்குப் பயிர் மாறும். புஷெல் முதலில் நம் மரக்கால் மாதிரி கொள்ளளவு. இப்போது எடையாக நிர்ணயித்துவிட்டார்கள். மக்காச்சோளம் ஒரு புஷெல் 56 பவுண்டு, அதாவது 25.4 கிலோ. சோயாவும் கோதுமையும் 60 பவுண்டு, 27.2 கிலோ. சோளத்துக்கு 15.5 சதவீத ஈரப்பதம் இருப்பதாக வைத்துத்தான் கணக்கு.

2023இல் அயோவாவின் சராசரி ஏக்கருக்கு 201 புஷெல். கிலோவில் சுமார் 5,100, நம் பேச்சில் ஏக்கருக்கு 51 குவிண்டால். ஹெக்டேருக்கு வேண்டுமென்றால் 2.47ஆல் பெருக்குங்கள், ஏறக்குறைய 12.6 டன் வரும். இந்த எண்ணைப் பார்த்துவிட்டு நம் விவசாயியைக் குறை சொல்லக் கிளம்ப வேண்டாம். அந்தக் கறுப்பு மண்ணின் ஆழம், கோடை மழை, நீண்ட பகல், இயந்திரம், அரசு மானியத்தோடு பயிர்க் காப்பீடு எல்லாம் சேர்ந்த எண் அது.

நட்ட ஏக்கர், அறுத்த ஏக்கர்: எதை எடுப்பது?

விளைச்சல் விகிதம் எப்போதும் தானியத்துக்காக அறுத்த ஏக்கரை வைத்துத்தான். மாட்டுத் தீவனத்துக்காகப் பச்சையாக வெட்டிய சோளம் தனி வரிசையில் வரும். அழிந்த பயிர் நட்ட ஏக்கரில் மட்டும் இருக்கும், அறுத்த ஏக்கரில் வராது. 2020 ஆகஸ்ட் 10ஆம் தேதி 'டெரேச்சோ' என்ற நேர்கோட்டுப் புயல்காற்று அயோவாவின் நடுப்பகுதியை ஊடறுத்துப் போனது. சோளம் பாய் விரித்தது போலச் சாய்ந்தது, பல கவுண்டிகளில் அறுக்கவே முடியாமல் உழுதுவிட்டார்கள். அப்படிப்பட்ட ஆண்டில் விளைச்சல் விகிதத்தை மட்டும் பார்த்தால் சேதம் முழுவதும் தெரியாது. நட்டதற்கும் அறுத்ததற்கும் உள்ள இடைவெளியையும் சேர்த்துப் பாருங்கள்.

99 கவுண்டிகளின் விளைச்சலைக் கூட்டி 99ஆல் வகுத்தால் மாநிலச் சராசரி வருமா?

வராது. ஒரு கற்பனைக் கணக்கு சொல்கிறேன். முதல் கவுண்டியில் 2 லட்சம் ஏக்கர், ஏக்கருக்கு 210 புஷெல். இரண்டாவதில் 50 ஆயிரம் ஏக்கர், ஏக்கருக்கு 160. சும்மா கூட்டி வகுத்தால் 185. ஆனால் மொத்த உற்பத்தி 5 கோடி புஷெல், மொத்தப் பரப்பு இரண்டரை லட்சம் ஏக்கர். வகுத்தால் 200. இந்தப் 15 புஷெல் வித்தியாசம் ஒரு வறட்சி ஆண்டையே மறைத்துவிடும். உற்பத்தியையும் பரப்பையும் தனித்தனியே கூட்டிவிட்டு, அப்புறம் வகுங்கள்.

சில கவுண்டிகளுக்கு எண்ணே இல்லை, 'டி' என்ற எழுத்து மட்டும் இருக்கிறது. அது பூஜ்யமா?

இல்லவே இல்லை. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

வேளாண் கணக்கெடுப்பு அட்டவணைகளில் 'டி' என்றால், ஒரு தனிப் பண்ணையின் விவரம் வெளிப்பட்டுவிடும் என்பதால் மறைத்திருக்கிறார்கள் என்று பொருள். ஒரு கவுண்டியில் ஒரே ஒருவர்தான் பெரிய அளவில் வான்கோழி வளர்க்கிறார் என்றால், கவுண்டி மொத்தத்தை வெளியிடுவதும் அவர் கணக்குப் புத்தகத்தை வெளியிடுவதும் ஒன்றுதான். அது சட்டப்படி குற்றம். ஆகவே 'டி' இருக்கும் இடத்தில் பெரிய எண்கூட ஒளிந்திருக்கலாம். 'இசட்' என்ற எழுத்து வந்தால், அங்கே பயன்படுத்தும் அலகில் பாதிக்கும் குறைவு என்று பொருள். உண்மையான பூஜ்யத்துக்குச் சிறு கோடு போட்டிருப்பார்கள். நிரல் எழுதுகிறவர்கள் எழுத்துகளை எண்ணாக மாற்றும்போது கணினி 'டி'யைப் பூஜ்யமாக்கிவிட்டதா என்று கட்டாயம் சோதிக்க வேண்டும்.

ஆண்டுதோறும் வரும் கவுண்டி மதிப்பீடுகளில் நிலைமை கொஞ்சம் வேறு. போதுமான பேர் பதில் சொல்லாவிட்டால் அந்தக் கவுண்டியைத் தனியாக வெளியிடாமல் 'பிற கவுண்டிகள்' என்ற வரியில் சேர்த்துவிடுவார்கள். அந்த வரியை விட்டுவிட்டால் மொத்தம் குறையும். கவுண்டிகளின் கூட்டுத்தொகை மாநில எண்ணோடு ஒத்துப்போகவில்லையே என்று கேட்பவர்களுக்கு, பத்தில் ஒன்பது முறை பதில் இதுதான்.

வருத்தமான செய்தியும் உண்டு. பதில் சொல்கிற விவசாயிகள் குறைந்துகொண்டே வருகிறார்கள். 1990களின் தொடக்கத்தில் பயிர் ஆய்வுகளுக்கு 80 சதவீதத்துக்கு மேல் பதில் வந்தது. அண்மை ஆண்டுகளில் சில ஆய்வுகளில் 60 சதவீதத்துக்கும் கீழே போய்விட்டது. 2024 ஏப்ரலில், நிதிப் பற்றாக்குறையைக் காட்டி, கவுண்டி மதிப்பீடுகளையே நிறுத்தப்போவதாக நாஸ் அறிவித்தது. உடனே எதிர்ப்பு எழுந்தது. எழாமல் எப்படி? கவுண்டி விளைச்சலை வைத்துத் தன் விலையையும் காப்பீட்டையும் இடர் உதவியையும் எடைபோடுகிற விவசாயிக்கு மாநிலச் சராசரி எதற்கு உதவும்? மாநிலத்தில் நல்ல மழை, தன் கவுண்டியில் ஆலங்கட்டி என்றால் அவர் நிலை என்ன?

மக்கள்தொகைக்கு எந்த எண்ணை எடுப்பது: கணக்கெடுப்பா, ஆண்டு மதிப்பீடா?

பத்தாண்டுக்கு ஒருமுறை ஏப்ரல் 1 நிலவரப்படி எடுப்பது கணக்கெடுப்பு. இடைப்பட்ட ஆண்டுகளுக்கு ஜூலை 1 நிலவரப்படி மதிப்பீடு வரும். பிறப்பைக் கூட்டி, இறப்பைக் கழித்து, வந்தவர் போனவர் கணக்கைச் சேர்ப்பார்கள். ஒவ்வொரு ஆண்டும் புதிய மதிப்பீடு வரும்போது அந்தப் பத்தாண்டின் பழைய ஆண்டுகளையும் திருத்தி எழுதுவார்கள். அதனால் 2022இல் வெளியான கோப்பிலிருந்து ஒரு ஆண்டையும் 2024இல் வெளியான கோப்பிலிருந்து இன்னொரு ஆண்டையும் எடுத்து வளர்ச்சி விகிதம் போடாதீர்கள். ஒரே கோப்பிலிருந்து எடுங்கள்.

மாணவர்கள் படிக்கிற ஊரில்தான் எண்ணப்படுவார்கள், கைதிகள் சிறை இருக்கும் இடத்தில். ஏம்ஸ் இருக்கும் ஸ்டோரி கவுண்டியில் இளைஞர் எண்ணிக்கை திடீரென்று உயர்ந்து நிற்பது பல்கலைக்கழகத்தால்.

விளைச்சல் ஏறுகிறது, ஆட்கள் ஏன் குறைகிறார்கள்?

இதற்காகத்தான் இரண்டு அட்டவணைகளையும் சேர்த்துப் பார்க்கச் சொன்னேன்.

பரப்பில் அயோவாவின் மிகப் பெரிய கவுண்டி கோசுத், வடக்கு எல்லையில் இருக்கிறது. மக்காச்சோளத்தில் மாநிலத்தின் முன்னணிக் கவுண்டியும் அதுதான். 1940இல் அங்கே 26 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வாழ்ந்தார்கள். 2020இல் 14,828 பேர். ஆடம்ஸ் கவுண்டியில் 1900இல் 13,601 பேர், இப்போது அதில் கால்பங்கு சொச்சம். நிலம் அப்படியே இருக்கிறது. விளைச்சலோ பல மடங்கு. 1930களுக்கு முந்தைய எழுபது ஆண்டுகளில் அமெரிக்காவின் சோள விளைச்சல் ஏக்கருக்கு 26 புஷெலைச் சுற்றியே கிடந்தது. கலப்பின விதை வந்தது, பிறகு ரசாயன உரம், பிறகு பெரிய இயந்திரங்கள். இன்று 200 சாதாரணம்.

200 புஷெல் எடுக்க ஆள் வேண்டியதில்லை. ஒரு குடும்பம், ஒரு அறுவடை இயந்திரம், ஆயிரக்கணக்கான ஏக்கர். 1900இல் அயோவாவில் 2,28,000க்கும் மேற்பட்ட பண்ணைகள் இருந்தன; 2022 கணக்கெடுப்பில் 86,911. போன ஒவ்வொரு பண்ணையோடும் ஒரு வீடு போனது, பள்ளிக்கூடத்தில் மூன்று நான்கு பிள்ளைகள் குறைந்தார்கள், மளிகைக் கடைக்கு ஒரு வாடிக்கையாளர் குறைந்தார். பள்ளிகளை இணைத்தார்கள், இணைத்த பள்ளியையும் பக்கத்து ஊரோடு இணைத்தார்கள்.

1980களில் நில விலை சரிந்து, வட்டி ஏறி, கடனில் இருந்த பண்ணைகள் ஏலத்துக்குப் போன காலம் ஒன்று உண்டு. 1980இல் 29,13,808 ஆக இருந்த மாநில மக்கள்தொகை 1990இல் 27,76,755 ஆனது. பஞ்சமில்லை, போரில்லை, பத்தாண்டு முழுக்கப் பார்த்தால் விளைச்சலும் குறையவில்லை. ஆனாலும் ஒன்றே கால் லட்சத்துக்கு மேல் ஆட்கள் குறைந்தார்கள். விளைச்சல் அட்டவணையை மட்டும் பார்ப்பவருக்கு இந்தத் துயரம் கண்ணில் படவே படாது.

நாடாளுமன்றப் பலமும் இதோடு தேய்ந்தது. 1930களுக்கு முன் பிரதிநிதிகள் சபையில் அயோவாவுக்கு 11 இடங்கள். இன்று 4. மற்ற மாநிலங்கள் வேகமாக வளர்ந்ததும் அதற்குக் காரணம்.

அப்படியானால் எல்லாக் கவுண்டிகளும் தேய்கின்றனவா?

இல்லை. 2010க்கும் 2020க்கும் நடுவே 68 கவுண்டிகள் சுருங்கின, 31 வளர்ந்தன. டெ மாய்னுக்கு மேற்கே இருக்கும் டல்லாஸ் கவுண்டி 66,135இலிருந்து 99,678க்குப் போனது, பத்தே ஆண்டில் பாதிக்கு மேல் வளர்ச்சி. சோள வயல்களில் வீடுகள் எழுந்தன.

வடமேற்கில் பியூனா விஸ்டா கவுண்டியைப் பாருங்கள். அங்குள்ள ஸ்டார்ம் லேக் ஊரில் இறைச்சி ஆலைகள் இருக்கின்றன. லாவோஸ், மெக்சிகோ, மைக்ரோனீசியா என்று பல இடங்களிலிருந்து வந்தவர்கள் அங்கே வேலை செய்கிறார்கள். சுற்றியுள்ள கவுண்டிகள் சுருங்கியபோது இது 20,260இலிருந்து 20,823 ஆனது. சின்ன ஏற்றம்தான். ஆனால் பள்ளி மூடாமல் இருப்பதற்கு அது போதும்.

தனிநபர் உற்பத்தி என்று கணக்கிடலாமா?

கணக்கிடலாம், ஆனால் எதற்கென்று தெரிந்துகொண்டு. 2023இல் அயோவா சுமார் 252 கோடி புஷெல் சோளம் விளைவித்தது. ஆளுக்குச் சுமார் 20 டன் வருகிறது. இதை 'உணவு கிடைக்கும் அளவு' என்று எழுதினால் தவறு. இதில் பாதிக்கு மேல் எத்தனால் ஆலைக்குப் போகிறது, மீதியில் பெரும்பகுதி கால்நடைத் தீவனம். அந்த மாநிலத்தில் ஆளுக்கு ஏழு பன்றிக்கு மேல் இருக்கின்றன.

பண்ணை என்று எதைச் சொல்கிறார்கள்?

ஆண்டுக்கு 1,000 டாலர் மதிப்புள்ள விளைபொருளை விற்ற, அல்லது சாதாரணமாக விற்றிருக்கக்கூடிய எந்த இடமும் பண்ணைதான். 1974இலிருந்து இந்த வரையறை மாறவில்லை, பணத்தின் மதிப்பு எவ்வளவோ மாறிவிட்டது. வீட்டுக்குப் பின்னால் நாலு மாடு வைத்திருப்பவரும் மூவாயிரம் ஏக்கர்காரரும் ஒரே 'ஒன்று'தான். ஆகவே பண்ணைச் சராசரிப் பரப்பை வைத்து முடிவுக்கு வராதீர்கள். பரப்பு வகைவாரி அட்டவணையைப் பாருங்கள்.

இரண்டு அட்டவணைகளையும் எப்படி இணைப்பது?

பெயரை வைத்து இணைக்காதீர்கள். ஜெஃபர்சன், வாஷிங்டன், லிங்கன் எல்லாம் பல மாநிலங்களில் இருக்கின்றன. 'ஃபிப்ஸ்' எண்ணைப் பயன்படுத்துங்கள். மாநிலத்துக்கு இரண்டு இலக்கம், கவுண்டிக்கு மூன்று. அயோவா 19, போல்க் 153, ஆகவே 19153. கவுண்டி எண்கள் அகரவரிசையில் ஒற்றைப்படையாகவே போகும்: அடேர் 001, ஆடம்ஸ் 003. பின்னால் புதுக் கவுண்டி வந்தால் நுழைக்க இடம் விட்டிருக்கிறார்கள். எண்ணின் முதலில் பூஜ்யம் வரும் மாநிலங்களும் உண்டு (கலிஃபோர்னியா 06). விரிதாள் மென்பொருள் அதை விழுங்கிவிடும். எழுத்தாகவே சேமியுங்கள்.

நாஸ் கோப்புகளில் கவுண்டிகளுக்கு நடுவே மாவட்டத் தொகுப்பு வரிகளும் வரும். அயோவாவில் ஒன்பது பயிர் அறிக்கை மாவட்டங்கள். அவற்றை நீக்காமல் கூட்டினால் எல்லாம் இரட்டிப்பாகும். கனெக்டிகட் மாநிலத்தில் சென்சஸ் பீரோ 2022இலிருந்து கவுண்டிகளுக்குப் பதிலாகத் திட்ட மண்டலங்களைப் பயன்படுத்துகிறது, அங்கே பழைய எண்கள் பொருந்தாது.

தனி ஆளின் விவரம் கிடைக்குமா?

72 ஆண்டுகள் கழித்துத்தான். 1950 கணக்கெடுப்பின் தாள்கள் 2022 ஏப்ரல் 1 அன்று திறக்கப்பட்டன. எண்ணியவர் கைப்பட எழுதிய தாளில் வீடு வீடாகப் பெயர், வயது, தொழில் எல்லாம் இருக்கும்.

தொடங்க எது நல்ல இடம்?

ஒரே ஒரு கவுண்டி. கோசுத்தையே எடுங்கள், எண் 19109. 1900இலிருந்து பத்தாண்டுக்கு ஒரு மக்கள்தொகை எண்ணை இடது நிரலில் எழுதுங்கள். கிடைக்கிற பழைய ஆண்டிலிருந்து சோளத்தின் அறுத்த ஏக்கர், உற்பத்தி இரண்டையும் வலது நிரல்களில் எழுதுங்கள். வரைபட மென்பொருளைத் திறக்குமுன் கையால் ஒருமுறை எழுதிப் பாருங்கள், அரைமணி நேரம்தான் ஆகும். 1993 வெள்ளமும் 2012 வறட்சியும் வலது பக்கத்தில் தானாகவே தெரியும். இடது பக்கத்தில் எண்கள் 1910இல் மட்டும் கொஞ்சம் இறங்கி, மற்றபடி 1940 வரை ஏறி, அப்புறம் ஒவ்வொரு வரியிலும் இறங்கிக்கொண்டே வரும்.